மகரக்கட்டு

அக்டோபரில் எடுத்த அளவுக்கு
வெண்டலின் மாலுமிக் கால்சராயைத் தைத்தோம்.
ஜனவரியில் ஓரத்தைப் பிரித்து இறக்கினாள் பாக்கூ.
பிப்ரவரியில் இன்னும் ஒருமுறை.
மார்ச்சில் இறக்கத் துணி இல்லை.
கணுக்கால் தெரிய நின்றவனிடம்
"ஏரி பெருகிவிட்டது, அதனால் மடித்திருக்கிறாய்.
கேட்டால் அப்படிச் சொல்" என்றாள்,
உதட்டில் இரண்டு குண்டூசியோடு.

டுலூத்தில், மலைச்சரிவில், ஒரு லூத்தரன் தேவாலயம்.
அதன் நிலவறையில் எங்கள் ஒத்திகை.
சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் ஹாக்கி.
இங்கே யாராவது உயிர்விடும் நேரம் பார்த்து
அங்கே ஒரு கோல் விழும்.
ஆரவாரத்தில் பிணங்கள் சிரிக்கும்.

கதையை நாங்களே எழுதினோம்,
ஆகவே ஓட்டைகளும் எங்களுடையவை.
பனிமூட்டம். இரும்புத்தாது ஏற்றிய கப்பல்.
கலங்கரை விளக்கத்தில் சங்கு பழுது.
காவலாளியின் மகன் மாடத்தில் ஏறி
ஒற்றை உச்ச சுரத்தை நீட்டிப் பிடிக்கிறான்.
அதைக் கேட்டுக் கப்பல் திரும்புகிறது.
இரும்புக் கப்பலுக்குக் காது உண்டா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
வெண்டல் கிவெலா பாடினால் உண்டு.

நான் திரைக்கயிறு.
சுருதிக்கும் எனக்கும் ஒட்டாது என்பது
செப்டம்பரிலேயே முடிவான விஷயம்.
கயிற்றுக்கு வேண்டியது
உள்ளங்கையில் கொஞ்சம் தடித்த தோல்.

ஒன்பது நாள் இருக்கையில் அது நடந்தது.
மாடத்தில் ஏறினான், வாயைத் திறந்தான்,
பாதிச் சுரத்தில் குரல் இரண்டாகக் கிழிந்து
ஒரு பாதி மேலேயே தங்கிவிட்டது,
மறுபாதி படிக்கட்டில் உருண்டது.
நான் சிரித்தேன்.
முதலில் சிரித்தது நான்தான். இதை
எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.

ஈர பூட்ஸ்கள் காயும் அறையில்
முகத்தை மூடி உட்கார்ந்திருந்தான்.
"ஹோதனுக்குக் கொடுங்கள்" என்றான்.
அந்தச் சொல்லும் வழியில் ஒருமுறை உடைந்தது.
வாசலில் நின்ற ஹோதன்
"என் மூச்சு அவ்வளவு நீளம் இல்லை" என்றாள்.
ஓடெகார்ட் பியானோவில் நான்கு கட்டை இறக்கிப் பார்த்தார்.
கப்பல் நேராகப் பாறைக்குப் போகும் போலிருந்தது.

யாருக்கு முதலில் தோன்றியது என்பதில்
இன்றும் சண்டை உண்டு.
தனக்குத்தான் என்கிறாள் பாக்கூ,
துணி போதாவிட்டால் ஒட்டுப் போடுவதில்லையா என்று
அவள் கேட்டாளாம்.
எப்படியோ, திரைக்குப் பின்னால் பதினோரு பேர்
ஒரே சுரத்தைப் பங்கிட்டுப் பிடித்தார்கள்,
ஒருவர் மூச்சு தீருமுன் அடுத்தவர் நுழைந்து.
நோட்டைப் பார்க்காமல்
பக்கத்தில் நிற்பவரின் விலாவைப் பார்த்துப் பாட வேண்டும்.
கேலன் மூச்சிழுக்கும்போது
இடது தோளை மட்டும் தூக்குவான் என்பது
ஆறு மாதம் ஒன்றாய்க் கழித்த எங்களுக்கு
அப்போதுதான் தெரிந்தது.

ஓரிடத்தில் மட்டும் இழை அறுந்தது.
கேலன் விட்டு ஹோதன் எடுப்பதற்குள்
ஒரு கண்ணிமைப்பொழுது வெறுமை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் கயிற்றைப் பார்த்தேன்.

முதல் இரவு. வெளியே முழங்கால் அளவு பனி,
உள்ளே அறுபது பேர், அவர்களின் இருமல்.
வெண்டல் மாடத்தில் நின்று
புதுக் குரலில், கீழ் ஸ்தாயியில், அந்த வரியைப் பாடினான்.
அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டவன் போல
குரலுக்குள் அவன் இன்னும் நிறையவில்லை.
அதன் மேலே, எங்கிருந்தோ, சுரம் எழுந்தது.
கேலனின் இடது தோள் உயர்ந்தது.
கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு
ஒரு கண்ணிமைப்பொழுது
நானும் அதில் இருந்தேன்.
சுருதியில் இருந்தேனா, தெரியாது.
கப்பல் திரும்பியது.
அதே கணம் சுவருக்கு அந்தப் பக்கம் கோல்.
அரங்கம் இரண்டுக்கும் சேர்த்துக் கைதட்டியது.

பிறகு பூட்ஸ் அறையில் நெரிசல், வியர்வை, ரோஜா நிற ஒப்பனைக் கறை.
"என் இடது பூட்ஸை எடுத்தது யார்?"
பின்னாலிருந்து ஒரு கனத்த ஆண்குரல்.
யாருடைய அப்பாவோ என்று
பயந்து விலகி வழிவிட்டோம்.

வெண்டல்.